கூடையும் கடப்பாரையும்

திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடப்போர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் வரும் கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிவிடுகிறது. ஆகையால் அவ்வாயிற் சுவரில் தொங்கும் இரும்புக் கடப்பாரையைக் கண்டவர்களினும் காணாதவர்களே மிகுதி. பொன்னும் மணியும் நிறைந்த ஒரு கோயில், மண் தோண்டும் கருவி ஒன்றுக்குத் தன் தலைவாயிலிலேயே இடம் தந்து வைத்திருக்கிறது. அது அனந்தாழ்வானின் கடப்பாரை என்பர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் நந்தவனமும் நீர்நிலையும் அமைத்த தொண்டர் அவர்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வேர்கொண்ட குடும்பங்களில் தோன்றி, பிழைப்பின் பொருட்டு இந்த வடநாட்டு நகருக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். சங்கத்து நிலத்தில் பூங்காவும் சமுதாயக் கூடமும் எழுப்பும் பணி நடந்துவரும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, எங்கள் நெஞ்சில் முதலில் வந்து நின்றது அந்தக் கடப்பாரைதான்.

கதையைப் பலரும் அறிவர். ஆயினும் சொல்லும் விதத்தில் வேறுபாடு உண்டாகையால் மீண்டும் சொல்கிறோம். இராமாநுசர் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்து வந்தார். திருவேங்கடத்தைப் போற்றும் பகுதி வந்தபோது, அம்மலைக்குச் சென்று, நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மலர்த்தொண்டு புரிய வல்லவர் இவ்வவையில் உண்டோ என்று வினவினார். அந்நாளில் திருமலை என்றால் அடர்ந்த காடு, எலும்பைத் துளைக்கும் குளிர், கொடிய விலங்குகள். அவையில் பேச்சில்லை. அனந்தன் என்ற ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். இவனல்லவோ ஆண்பிள்ளை என்று ஆசிரியர் மகிழ்ந்தாராம். அதனால் அவருக்கு அனந்தாண்பிள்ளை என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

ஆண்பிள்ளை மலைக்குத் தனியே போகவில்லை. மனைவியும் உடன் சென்றாள். காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். தோட்டத்திற்கு நீர் வேண்டுமே. குளம் வெட்டத் தொடங்கினார்கள். அவர் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்தார். அவள் அந்த மண்ணைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து சென்று கொட்டிவிட்டு வந்தாள். அவள் அப்போது கருவுற்றிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் இக்கதையைச் சொன்னவர் ஆயா. (சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில் பாட்டியை ஆயா என்பதே வழக்கம்.) கதை இந்த இடத்திற்கு வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். “ஈர மண்ணு ஒரு கூடை என்ன கனம் இருக்கும் தெரியுமாடா?” என்று கேட்பார். எங்களுக்குத் தெரியாது. தமக்குத் தெரியும் என்பதுபோல் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் மேலே தொடர்வார்.

பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் வந்து, நானும் மண் சுமக்கிறேன் என்றான். அனந்தாழ்வான் ஒப்பவில்லை. ஆசிரியர் இட்ட பணி இது; இதன் பயனில் பிறருக்குப் பங்கு இல்லை என்று அவனை விரட்டினார். சிறுவனோ போகவில்லை. அவர் கண்ணுக்குத் தென்படாமல் பாதி வழியில் நின்று, அந்தத் தாயின் தலையிலிருந்த கூடையைத் தான் வாங்கிச் சென்று கொட்டிவிட்டு வந்தான். அவள் விரைவாகத் திரும்பி வருவதைக் கண்டு ஐயுற்ற கணவர், உண்மையை அறிந்ததும் சினங்கொண்டு கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடிக் கோயிலுக்குள் மறைந்தான். உள்ளே திருமேனியின் மோவாயில் குருதி வடிவதை அருச்சகர்கள் கண்டார்கள். காயத்திற்கு மருந்தாகப் பச்சைக் கர்ப்பூரம் வைத்தார்கள். இன்றும் வேங்கடவனின் மோவாயில் அது வெண்மையாகத் துலங்குகிறது.

இக்கதையை அனந்தாழ்வானின் உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே பெருவழக்கு. அந்த உறுதியை நாங்களும் வணங்குகிறோம். ஆனால் எங்கள் ஆயாவின் கதையில் தலைமை கடப்பாரைக்கு இல்லை, கூடைக்கே. கடப்பாரையை வாயிலில் மாட்டி வைத்தார்களே, கூடையை யார் எடுத்து வைத்தார்கள் என்பார். நாங்கள் கேட்ட கதையில் அந்த அம்மைக்குப் பெயர்கூட இல்லை; அனந்தாழ்வானின் மனைவி, அவ்வளவே. உதவ வந்தவன் பட்ட காயத்திற்குத்தான் இத்தனை நூற்றாண்டுகளாக மருந்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்தோறும் நமக்கு வியப்பே மேலிடுகிறது.

வைணவ மரபில் திருவரங்கத்தைப் போக மண்டபம் என்றும், காஞ்சியைத் தியாக மண்டபம் என்றும், திருமலையைப் புஷ்ப மண்டபம் என்றும் கூறுவர். அப்பெயருக்கு ஏற்ப, அனந்தாழ்வானுக்குப் பின்னும் அம்மலையில் நந்தவனங்கள் பெருகின. பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுச கூடங்களை நிறுவினான். வரும் அடியார்க்குச் சோறும் நிழலும் தரும் பொதுமனைகள் அவை. இக்காலச் சொல்லால் சமுதாயக் கூடம் என்று அவற்றை அழைத்தாலும் பிழையாகாது. அவற்றை மேற்பார்த்தவர் கந்தாடை இராமாநுச ஐயங்கார். அவர் காலத்தில் நந்தவனப் பணி செய்தவர்களுள் அவர்தம் மாணாக்கராகிய சாத்தாத வைணவர்கள், அதாவது பூணூல் அணியாத அடியார்கள், முதன்மையானவர்கள். தோட்டமும் கூடமும் இணைந்தே வளர்ந்தன என்பதையும், மண்ணில் இறங்கியவர்கள் யார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டில் தேவஸ்தானம் ஸ்ரீவாரி சேவை என்னும் தொண்டர் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குழுக் குழுவாக வருவோர் சில நாள் தங்கி, வரிசையை ஒழுங்குசெய்தும், அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கியும், பரிமாறியும் ஊர் திரும்புகிறார்கள். எங்கள் சங்கத்து மகளிர் சிலரும் சென்று வந்திருக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் காய் நறுக்கிய கதையை அவர்கள் சொல்லக் கேட்டால், வீட்டில் ஒரு வெண்டைக்காயை நறுக்கச் சலித்துக்கொள்ள மாட்டோம்.

அனந்தாழ்வான் யார் என்பதிலும் ஒரு செய்தி உண்டு. அவர் கன்னட நாட்டவர். மைசூரை அடுத்த சிறுபுத்தூரில் தோன்றியவர் என்பது மரபு. தமிழ் மறை கேட்கத் திருவரங்கம் வந்து, அங்கிருந்து வேங்கடம் ஏறிக் குடியேறியவர். எங்களைப் போல் அவரும் ஊர்விட்டு ஊர் வந்தவர்தாம்! ஆண்டுதோறும் பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் இறைவன் வலமாக வராமல் இடமாகச் சுற்றி அவருடைய தோட்டத்திற்கு எழுந்தருளித் திரும்பும் விழா ஒன்று உண்டு. அதற்குப் பாக் சவாரி என்று பெயர். பாக் என்பது தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். கன்னடத்துத் தொண்டர், தமிழ் ஆசிரியர், தெலுங்கு வழங்கும் மலை, பாரசீகப் பெயர்கொண்ட விழா! ஒரு தோட்டத்திற்குள் எத்தனை மொழிகள் அமைதியாக உலவுகின்றன, பாருங்கள்.

மலையடிவாரத்தில் அந்த அமைதி எப்போதும் இருந்ததில்லை. சித்தூர் ஒருகாலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரும் திருப்பதியும் அதனுள் அமைந்தன. ம. பொ. சிவஞானம் அவர்கள் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்கும், படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. எங்கள் ஊர் சேரவில்லை. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதியும் தனி மாவட்டம். வரைபடத்தில் கோடுகள் இத்தனை முறை நகர்ந்தன. எங்கள் ஆயா வாழ்ந்த வீட்டின் திண்ணை மட்டும் நகரவே இல்லை. வடவேங்கடத்தைத் தமிழகத்தின் எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்வதைப் பள்ளியில் படித்தோம். எல்லைக்கல் மீதே உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லை எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை.

சித்தூருக்கும் பாகாலைக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில் 1950-களில் நடந்த ஒன்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1952 அக்டோபர் 2-இல் நாடெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அரசு ஒரு பங்கு தந்தால் ஊரார் உழைப்பாலோ பொருளாலோ தம் பங்கைத் தரவேண்டும் என்பது அக்காலத்து முறை. சிரமதானம் என்ற சொல் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்தது. ஏரிக்கரையை ஒட்டிய கரம்பு நிலத்தில் ஒரு வாசகசாலையும், அதைச் சுற்றிச் சிறு பூங்காவும் அமைப்பது என்று முடிவாயிற்று. ஆண்கள் பாறையை உடைத்தார்கள். பெண்கள் பொழுது புலருமுன் ஏரி மண்ணைச் சுமந்து மேட்டை நிரவினார்கள். ஆயாவுக்கு ஈர மண்ணின் கனம் தெரிந்தது அப்போதுதான்.

கட்டடம் எழுந்தது. பஞ்சாயத்து ரேடியோ வந்தது. உடனே சண்டையும் வந்தது. விஜயவாடாவா, சென்னையா? தெலுங்கு வீட்டார் ஒன்றைத் திருப்புவார்கள். தமிழ் வீட்டார் மற்றொன்றைத் திருப்புவார்கள். திருகியில் கைகலப்பே நேர்ந்ததாம். இறுதியில் விளக்கு வைக்கும் வரை விஜயவாடா, விளக்கு வைத்த பின் சென்னை என்று பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். சில மாதங்களில் இரு சாராரும் இரு நேரமும் உட்கார்ந்து இரண்டையும் கேட்கத் தொடங்கினார்கள் என்று ஆயா சிரித்துக்கொண்டே சொல்வார். தியாகராசரின் கீர்த்தனைக்கு இரு தரப்பிலும் தலையசைப்பவர்கள் இருந்தார்கள். நாடகம் என்றால் எந்த மொழியானாலும் ஊரே திரளும்.

திறப்பு விழாவில் பதித்த கல்லில் அதிகாரிகளின் பெயர்களும், நன்கொடை தந்த இருவர் பெயர்களும் உள்ளன. மண் சுமந்தவர் பெயர் ஒன்றும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திறந்த மறுநாள் முதல் செடிக்கு நீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஏரியில் நீர் இருந்தவரை யாரோ ஊற்றினார்கள். வறண்ட ஆண்டுகள் வந்தன. இளைஞர்கள் வெளியூர்களுக்குப் புறப்பட்டார்கள். எங்கள் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சென்று பார்த்தபோது பூங்கா இருந்த இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. கல் மட்டும் நன்றாக இருந்தது.

இத்தனையையும் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சங்கத்து நிலத்தில் வேலை தொடங்கிய மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவில் வாழும் பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் தம் சொந்த மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. குழி வெட்டத் தொடங்கினார். எங்களைவிட நேராகவும் ஆழமாகவும் வெட்டினார். மறுவாரம் அவருடைய பேத்தியும், பீகாரிலிருந்து வந்த காவலாளியின் இரு பிள்ளைகளும் வந்தார்கள்.

அன்று மாலை செயற்குழுவில் பேச்சு எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் தம் கருத்தை மறைக்காமல் சொன்னார்: “நம்ம பிள்ளைகள் வீட்டிலேயே இந்தி பேசுதுங்க. நாம நாமாக இருக்க ஒரே ஓர் இடம் வேணும்னுதானே இத்தனை வருஷம் காசு சேர்த்தோம்? இதுவும் பொது இடமாப் போயிட்டா, தமிழ் எங்கே போய் உட்காரும்?” அவரைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. தமிழ் வகுப்பில் பெயர் கொடுத்தவர் தொகையும், ஆண்டிறுதி வரை வந்தவர் தொகையும் அவர் கையில் இருந்தன. அவருடைய அச்சம் மெய்யானது. ஒரு தலைமுறையில் மொழி போய்விடும் என்பதை அவர் தம் பேரப்பிள்ளைகளிடம் கண்டவர்.

ஆயினும் கடப்பாரையை வீச எங்களுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் அனந்தாழ்வான் கதையை ஒருவர் எடுத்துச் சொன்னார். மற்றொருவர் எங்கள் ஊர் ரேடியோக் கதையைச் சொல்லச் சொன்னார், சொன்னோம். இரவு பத்து மணிக்கு ஒரு முடிவு பிறந்தது. கூடத்தின் உள்ளே ஞாயிறு காலை முழுதும் தமிழ் மட்டுமே. வகுப்பு, நூலகம், சொற்பொழிவு எதுவாயினும் சரி. பூங்காவின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். மண் சுமக்க வருபவரிடம் மொழி கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்திலும் அதன் பெயர் தமிழில் முதலில் இருக்கும். முதியவர் முழு மனத்துடன் ஒப்பினார் என்று சொல்லமாட்டோம். ஒப்பினார்.

இன்னொரு வழக்கு மகளிரிடமிருந்து வந்தது. பணிப்பட்டியலில் “உழைப்பு” என்ற தலைப்பின் கீழ் ஆண்கள் பெயரும், “சிற்றுண்டி” என்ற தலைப்பின் கீழ் பெண்கள் பெயரும் எழுதப்பட்டிருந்தன. நாற்பது பேருக்கு இட்லி அவிப்பது உழைப்பு இல்லையா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். அவையில் அனந்தாண்பிள்ளைகள் சிலர் இருமினார்கள். இப்போது பட்டியல் ஒன்றே. ஒரு வாரம் மண், மறுவாரம் அடுப்பு, யாராயினும். முதல் முறை ஆண்கள் செய்த உப்புமாவைப் பற்றி இம்மலரில் எழுதாதிருப்பதே நலம்.

பராமரிப்புக்கும் கணக்குக்கும் எங்களுக்கு வழிகாட்டியது தொண்டை மண்டலத்து உத்திரமேரூர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமர்த்தினார்கள். ஊர்த் தோட்டத்தைக் காக்கவென்றே ஒரு வாரியம் இருந்தது! பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது. இன்றைய சங்கங்கள் பலவற்றிலும் இந்த விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் தேர்தலுக்கு ஆள் கிடைப்பார்களோ என்பது ஐயமே. அந்தச் சபையில் நிலமுடைய, மறை கற்ற ஆடவர்க்கே இடம் இருந்தது. மண் சுமந்தவர்க்கு அங்கும் ஓலை இல்லை. ஆகவே முறையை எடுத்துக்கொண்டோம். தகுதிப் பட்டியலை விட்டுவிட்டோம். எங்கள் தோட்ட வாரியத்தில் இப்போது பன்னிருவர். ஐவர் பெண்கள், இருவர் பள்ளி மாணவர், ஒருவர் அந்தப் பஞ்சாபிப் பெரியவர். வரவு செலவு மாதந்தோறும் கூடத்தின் கதவில் ஒட்டப்படுகிறது.

நடப்பட்டவற்றுள் வேம்பும் புங்கமும் நாவலும் பிழைத்துக்கொண்டன. சித்தூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கிளிமூக்கு மாங்கன்று இரண்டும் முதல் பனிக்காலத்தைத் தாங்கவில்லை. மகிழம் ஒன்று வைத்திருக்கிறோம். திருமலையில் அனந்தாழ்வான் தோட்டத்தில் மகிழ மரம் உண்டு என்பதனால் அதன்மேல் எங்களுக்குத் தனிப் பற்று. குளிர் மாதங்களில் அதற்குச் சாக்குப் போர்த்துவது பெரியவரின் பேத்தி பொறுப்பு. “மகிழம்” என்று அவள் சொல்லும்போது ழகரம் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரைவிடத் தெளிவாக வருகிறது. செயற்குழுவின் மூத்த உறுப்பினர் அதைக் கேட்டுவிட்டுத் தம் பேரனை அடுத்த வாரமே அழைத்து வந்தார்.

கூடத்திற்கு மேல்தளம் இன்னும் போடவில்லை. திறப்பு விழாக் கல்லில் யார் யார் பெயர் வரவேண்டும் என்ற பேச்சு இரண்டு கூட்டங்களாக நடக்கிறது; முடிவாகவில்லை. நீர் ஊற்றும் முறைப்பட்டியல் மட்டும் வரும் பங்குனி வரை எழுதி ஒட்டியாயிற்று. மேற்கு மூலையில் மழைநீர்க் குழி வெட்டும் வேலை ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. கடப்பாரைகள் போதிய அளவு இருக்கின்றன. கூடைகள் எட்டுதான் உள்ளன. வருபவர்கள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.